ஒஷினென்சே மலை ஏரிக்கு ஒரு நாள் நடை: கான்டர்ஸ்டேக்கிலிருந்து போய்வர முழு வழிகாட்டி

சுவிஸில் பேர்ன் மாநிலத்திலுள்ள கான்டர்ஸ்டேக்கில் கொண்டோலா (கம்பியில் ஓடும் தொங்குபெட்டி) ஏறி, ஹொய்பெர்க், ஓபர்பெர்க்லி என்று மலைச்சரிவிலேயே நடந்து, ஒஷினென்சே ஏரிக்கு இறங்கி, மீண்டும் கொண்டோலா நிலையத்துக்கு வந்து சேரும் சுற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கொண்டோலாவில் போய் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு வர வழிகாட்டி எதுவும் வேண்டாம். மேல் நிலையத்திலிருந்து ஏரிக்கு அரைமணி நேர நடைதான். மேலே சுற்றிவருவது வேறு கதை. ஏரிக்குப் போன அதே சப்பாத்து, அதே நினைப்போடு மேலே ஏறிவிட்டுப் பாதிவழியில் தவிப்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பாதையில் பார்க்கலாம்.

கணக்கு இதுதான்: கொண்டோலா மேல் நிலையம் 1,682 மீட்டர், ஓபர்பெர்க்லி ஏறத்தாழ 1,980, ஏரி 1,578. முழுச் சுற்றும் எட்டு ஒன்பது கிலோமீட்டர் வரும். ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் 450 மீட்டர் ஏறி, அதே அளவு இறங்க வேண்டும்.

## 1. முதலில் உங்கள் கூட்டத்தைப் பாருங்கள்

பாதையைத் தேர்வதற்கு முன் ஆட்களைக் கணக்கெடுங்கள். நடையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் கூட்டத்தில் ஆக மெதுவாக நடப்பவர்தான். "அம்மா சமாளிச்சிடுவா" என்று மகன் சொல்வதை நம்பாதீர்கள், அம்மாவிடமே கேளுங்கள்.

ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். சூரிச்சில் இருப்பவர்கள் ட்ரீம்லியிலிருந்து ஊட்லிபெர்க் உச்சிக்குக் கால்நடையாக ஏறிப் பாருங்கள். ஏற்றம் 400 மீட்டர் அளவில் வரும். பேர்ன்காரர்களுக்கு வாபெர்னிலிருந்து குர்டென் இருக்கிறது. ஏறி, நடந்தே இறங்கி, மறுநாள் மாடிப்படியில் முழங்கால் நோகாமல் இறங்க முடிந்தால் ஒஷினென்சே சுற்று உங்களுக்குச் சரி. ஏறுவதைவிட இறங்குவதுதான் இங்கே கடினம் என்பதால் இறக்கத்தையும் சேர்த்துச் சோதியுங்கள்.

பாதைக் குறிகளையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: சில இடம் ஒடுக்கம், செங்குத்து, ஒரு பக்கம் பள்ளம். வெள்ளை-நீலம்-வெள்ளை உயர்மலைப் பாதை, கயிறும் பனியாறும் பழகியவர்களுக்கு. மேல் நிலையத்திலிருந்து நேராக ஏரிக்குப் போனால் மஞ்சள். நாம் போகும் சுற்று வெள்ளை-சிவப்பு-வெள்ளை. தலைசுற்றல் பயம் உள்ளவர்களையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் மஞ்சள் பாதையில் ஏரிக்கு அனுப்பிவிட்டு அங்கே சந்திக்கலாம். அதனால் யாருக்கும் குறை வந்துவிடாது.

## 2. மாதமும் நாளும்

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம். மே கடைசியில் கான்டர்ஸ்டேக்கில் பூப்பூத்திருக்கும், மேலே நிழல் விழும் ஓடைப் பள்ளங்களில் பழைய பனி கிடக்கும். சரிவான பாதையில் கெட்டிப்பட்ட பத்து மீட்டர் பனி கிடந்தாலே வழுக்கிப் பள்ளத்துக்குப் போகப் போதும்.

ஜூலை, ஆகஸ்டில் பிரச்சினை இடிமழை. காலையில் நீலவானம், மதியம் வெள்ளைக் கோபுரம் போல முகில், மூன்று மணிக்கு முழக்கம் என்பது ஆல்ப்ஸில் வழமை. ஆகவே வெயில் நாள் என்று செயலி காட்டும் படத்தை மட்டும் பார்க்காமல் மணிவாரியான மழை முன்னறிவிப்பைப் பாருங்கள். மெட்டியோஸ்விஸ் செயலியில் மழை ராடாரும் உண்டு. மதியத்துக்குப் பின் இடிக்குறி இருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாக வெளிக்கிடுங்கள், அல்லது நாளை மாற்றுங்கள்.

முன்னறிவிப்பைக் கான்டர்ஸ்டேக்குக்குப் பார்க்க வேண்டும், உங்கள் ஊருக்கு அல்ல. நூறு மீட்டர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் குளிரும். சூரிச்சில் 28 பாகை என்றால் ஓபர்பெர்க்லியில் 18. காற்று அடித்தால் அதுவும் இல்லை.

## 3. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். "எத்தனை மணிக்கு வெளிக்கிடலாம்?" என்று தொடங்கும் திட்டம் எப்போதும் பிந்தும். "கடைசிக் கொண்டோலா எத்தனை மணிக்கு?" என்று தொடங்குங்கள்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரம் நிற்காமல் நடப்பவருக்கானது. தண்ணீர் குடிக்க, படம் எடுக்க, சப்பாத்துக் கயிறு கட்ட அதில் இடமில்லை. கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம்: சமதூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர், இறக்கத்துக்கு 500 மீட்டர். 9 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி. 450 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, இறக்கத்துக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு, இரண்டும் சேர்ந்து இரண்டரை மணிக்குக் கிட்ட. இரண்டு கணக்கில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டுங்கள்: ஏறத்தாழ மூன்றரை மணி. இது வெறும் கால்நேரம். பிள்ளைகளும் மாமா மாமியும் உள்ள கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள்.

இப்போது பின்னோக்கி வருவோம். கடைசி இறக்கம் மாலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் போகும் நாளின் நேரத்தை அவர்கள் தளத்தில் பாருங்கள்.

மேல் நிலையத்துக்கு 5 மணிக்கே வர வேண்டும், அந்த ஒரு மணி நேரம் கைக்காவல். ஏரியிலிருந்து அங்கே வர முக்கால் மணி, ஆகவே 4:15க்கு ஏரியை விட வேண்டும். கரையில் இரண்டு மணி நேரம் இருக்க ஆசை என்றால் 2:15க்கு ஏரியைத் தொட வேண்டும். மேலே சுற்றி ஏரிக்கு வரக் கால்நேரம் மூன்று மணி, உங்கள் கூட்டத்துக்கு நாலரை. ஆகவே 9:45க்கு மேல் நிலையத்தில் கால் எடுத்து வைத்திருக்க வேண்டும். சூரிச்சிலிருந்து வருபவர்கள் ஆறரை மணி அளவில் ரயிலில் இருக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தம். பத்து மணிக்குப் புறப்படுவோம் என்று வாட்ஸ்அப்பில் முடிவெடுக்கும் குடும்பத்துக்கு இந்தச் சுற்று கிடையாது, மஞ்சள் பாதைதான்.

இரண்டு வெட்டு நேரங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஹொய்பெர்க்கில் 11:30, ஓபர்பெர்க்லியில் 1:00. அதற்குள் அங்கே இருக்க வேண்டும். ஹொய்பெர்க்கில் பிந்தினால் என்ன செய்வது என்பது கீழே வரும்.

## 4. ரயில்

கான்டர்ஸ்டேக் பழைய லோட்ச்பெர்க் சுரங்கத்தின் வடக்கு வாயில். பேர்னிலிருந்து ஷ்பீட்ஸ், ஃப்ருட்டிகன் வழியாக மலைமேல் ஏறும் பிராந்திய ரயில்தான் அங்கே நிற்கும். ஷ்பீட்ஸிலிருந்து பிரிக் பக்கம் போகும் விரைவு ரயில்கள் 2007இல் திறந்த அடிவாரச் சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் போய் விஸ்ப்பில்தான் நிற்கும். "பிரிக் ரயில்தானே" என்று ஏறி உட்கார்ந்தவர் மலைக்கு மறுபக்கம் வாலிஸ் மாநிலத்தில் இறங்கி நிற்பார். பலகையில் பிரிக் என்று இருப்பதைப் பார்த்து ஏறாதீர்கள். இடையில் கான்டர்ஸ்டேக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கெட்டைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஸ்பார்டாகெஸ்கார்ட்டே (சலுகை நாள் சீட்டு) முன்கூட்டி எடுத்தால் மலிவு. ஹால்ப்டாக்ஸ் (அரைக்கட்டண அட்டை) இருந்தால் இன்னும் குறையும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம், அதற்கு மேல் 16 வரை ஜூனியர்கார்ட்டே (பிள்ளைகளுக்கான ரயில் அட்டை) இருந்தால் பெற்றோரோடு ரயிலில் சும்மா வரலாம். கொண்டோலாவுக்குத் தனிச் சீட்டு. ரயில் நிலையத்திலிருந்து கொண்டோலாவுக்குக் கால் மணிக்குச் சற்று மேல் நடை. அதையும் கணக்கில் சேருங்கள்.

## 5. சப்பாத்து, உடுப்பு, சாப்பாடு

சப்பாத்தைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். விரல் நகம் புதையும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்க வேண்டும். தேய்ந்து வழவழப்பான ஓட்டச் சப்பாத்து காய்ந்த பாதையில் ஏமாற்றிவிடும். ஓபர்பெர்க்லிக்குக் கீழே ஈரச் சுண்ணாம்புப் பாறையில் அதன் குட்டு வெளிப்படும். புதுச் சப்பாத்தை முதல்முறை மலையிலா போடுவது? ஒரு வாரம் வேலைக்கும் கடைக்கும் போட்டு நடந்து பழக்குங்கள்.

ஜீன்ஸும் பருத்தி ரீ-சேர்ட்டும் வேர்வையில் நனைந்தால் காயாது. முகில் மறைத்தவுடன் உடம்போடு ஒட்டிக் குளிரும். விளையாட்டு உடுப்புத் துணி, மேலே ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேல் மழைக்கோட்டு. குடை வேண்டாம், காற்றில் உங்களையும் இழுக்கும். தொப்பியும் வெயில் கிரீமும் எல்லோருக்கும். நம் நிறத்துக்கு வெயில் சுடாது என்ற நம்பிக்கை மாலையில் மூக்குத் தோல் உரியும்போது போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீட்டர். மேலே மாடு மேய்கிறது, ஆகவே ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மரத்தொட்டிக் குழாயில் "கைன் டிரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் அது கைகழுவ மட்டும். நடுவழியில் வரும் தலையிடிக்குப் பலர் உயரத்தைக் குறைசொல்வார்கள். இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததுதான்.

சாப்பாட்டில் முக்கியம் ஒழுங்கு. சோற்றுப்பொதியை ஹொய்பெர்க்கில் அவிழ்த்தால் அதற்குப் பிறகு யாரும் எழும்பமாட்டார்கள். ஏறும்போது கச்சான், பேரீச்சம்பழம், பிஸ்கட் என்று முக்கால் மணிக்கொருமுறை ஒரு கை. ஓபர்பெர்க்லியில் றொட்டியும் சம்பலும். புளிச்சாதம், கோழிப்பொரியல் எல்லாம் ஏரிக்கரைக்கு. பிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டுபோனால் மழைநாளில் உங்களைக் கும்பிடுவார்கள். தோடம்பழத் தோலையும் வாழைப்பழத் தோலையும் எறியாதீர்கள், அந்தக் குளிரில் அது மக்க மாதக்கணக்கு ஆகும். குப்பைக்கு ஒரு பை.

காசும் கொஞ்சம் வையுங்கள். கோடையில் மேலே மாட்டுக்காரர் குடிலில் சீஸும் குடிபானமும் கிடைக்கும், எல்லா இடத்திலும் அட்டை செல்லாது.

## 6. முதல் நாள் இரவு

பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, இங்கே அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஏரிக்குத் தெற்குப் பக்கத்தில் மேலே நிற்கும் ஷ்பிட்சே ஷ்டெய் என்ற பாறை முனை நகர்ந்துகொண்டிருக்கிறது. உறைந்த நிலம் இளகுவதும் அதற்கு ஒரு காரணம். 2018 முதல் அதைக் கருவிகளால் கண்காணிக்கிறார்கள், கீழே சில பகுதிகளை மூடிவைத்திருக்கிறார்கள். நம் சுற்று வடக்குப் பக்கத்தில் போகிறது. ஆனாலும் தடைகள் மாறும் என்பதால் சுவிஸ்டோப்போ வரைபடச் செயலியில் நடைபாதைத் தடைகளைப் போட்டுப் பாருங்கள், கான்டர்ஸ்டேக் ஊர்த் தளத்தையும் பாருங்கள். மூடிய பலகையைத் தாண்டி நிழலுக்காகவோ படத்துக்காகவோ போகாதீர்கள். கல் விழும்போது விலக நேரம் இருக்காது.

அதே செயலியில் வரைபடத்தை இறக்கி வையுங்கள், மேலே சிக்னல் போய்ப்போய் வரும். கைபேசியில் ரேகா (ஹெலிகொப்டர் மீட்புச் சேவை) செயலியைப் போட்டுப் பெயரைப் பதிந்துவிடுங்கள். அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குப் போகும்.

ஒரு காப்புறுதி விஷயம். ஒரே முதலாளியிடம் வாரம் எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு வேலை சாராத விபத்துக் காப்புறுதியும் வேலையோடு வரும். வேலை இல்லாதவர் தன் கிராங்கென்காசெயில் (நோய்க் காப்புறுதியில்) விபத்தைச் சேர்த்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குப் பயணக் காப்புறுதியில் மலை மீட்பு அடங்குகிறதா என்று பாருங்கள். ஹெலிகொப்டர் மலிவில்லை.

## 7. மேல் நிலையத்திலிருந்து ஹொய்பெர்க்

கொண்டோலாவில் இறங்கியவுடன் எல்லோரும் போகும் பக்கம் போகாதீர்கள், அது ஏரிப் பாதை. ஹொய்பெர்க் என்று காட்டும் பலகையைத் தேடி இடதுபக்கம் மேலே பிரியுங்கள். கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் நிலையத்திலேயே போய்விட்டு வரட்டும்.

முதல் அரைமணி நேரம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டு போகும் வேகத்தில் நடங்கள். குளிர்ந்த உடம்போடு வேகமாக ஏறினால் இருபதாவது நிமிடத்தில் மூச்சு முட்டும், அந்தக் களைப்பு நாள் முழுதும் போகாது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நியமித்துவிடுங்கள். கடைசி ஆளை யாரும் தாண்டிப் பின்னே போகக் கூடாது. ஒவ்வொரு பிரிவிலும் எல்லோரும் வந்து சேரும் வரை நில்லுங்கள். மலையில் ஆட்கள் தொலைவது பெரும்பாலும் பிரிவுகளில்தான்.

மேய்ச்சல் வெளியில் கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். ஊர் மாடு போலத் தடவலாம் என்று பிள்ளைகளை விடாதீர்கள். திறந்த வேலிப் படலையைக் கடைசி ஆள் மூடிவிட்டு வரட்டும்.

ஹொய்பெர்க்கில் காலுக்கு நேர் கீழே ஏரி தெரியும், எதிரே புளூம்லிசால்ப் மலையின் பனிச்சுவர். எல்லோரும் கைபேசியோடு விளிம்புக்குப் போவது இங்கேதான். படம் எடுப்பவர் நின்றுகொண்டு எடுக்கட்டும். பின்னால் அடி வைப்பவரின் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

## 8. தொடர்வதா திரும்புவதா

மணியைப் பாருங்கள். 11:30 தாண்டி நெடுநேரம் ஆகிவிட்டதா, மேற்கே முகில் கறுக்கிறதா, யாருக்காவது முழங்கால் நோகிறதா? ஏதாவது ஒன்று ஆம் என்றால் வந்த வழியே திரும்பி மஞ்சள் பாதையில் ஏரிக்குப் போங்கள். ஹொய்பெர்க்குக்கும் ஓபர்பெர்க்லிக்கும் இடையில் ஏரிக்கு இறங்கும் குறுக்குவழி இல்லை, கீழே பாறைச்சுவர். "இன்னும் கொஞ்சத் தூரம்தான் மாமி" என்று கூட்டிப்போனால், மாமியை இறக்க இருக்கும் ஒரே வழி சுற்றிலேயே ஆகச் செங்குத்தான துண்டுதான்.

ஓபர்பெர்க்லி வரை பாதை ஒடுக்கமாகச் சரிவின் நடுவே போகும். எதிரே ஆள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் அல்ல. ஓபர்பெர்க்லியில் ஒரு பிரிவு: இடப்பக்கம் புளூம்லிசால்ப் குடிலுக்கு ஏறுகிறது. அந்தக் குடில் 2,840 மீட்டரில் இருக்கிறது, இன்னும் எண்ணூற்றைம்பது மீட்டர் ஏற்றம், அது வேறொரு நாள் வேலை. பலகையில் ஒஷினென்சே என்று பார்த்து வலப்பக்கம் இறங்குங்கள்.

## 9. இறக்கம்

ஓபர்பெர்க்லியிலிருந்து உன்டர்பெர்க்லி வரை கல்லும் படியுமாகச் செங்குத்து. இறங்கும் முன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுக்கும். கைபேசி பைக்குள். ஊன்றுகோல் இருந்தால் ஒரு பிடி நீளமாக்குங்கள்.

சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடித்து, முழுப் பாதமும் பதிய இறங்குங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும், உடம்பின் பாரம் காலுக்கு மேலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கீழ்ப்பக்கம் பெரியவர் ஒருவர் நடக்க வேண்டும். வளைவுகளில் கல்லை உதைக்காதீர்கள், அடுத்த வளைவில் கீழே ஆள் இருக்கும். யாராவது பேச்சை நிறுத்திவிட்டுக் காலையே பார்த்து நடக்கத் தொடங்கினால் அது களைப்பின் அடையாளம். உன்டர்பெர்க்லியில் ஐந்து நிமிடம் இருத்துங்கள், ஏதாவது இனிப்புக் கொடுங்கள்.

கால் பிரண்டு எழும்ப முடியாமல் போனால் ரேகா 1414, அல்லது 112. எங்கே, என்ன, எத்தனை பேர் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் வரை வைக்காதீர்கள். அடிபட்டவரைத் தரையில் வெறுமனே கிடத்தாமல் கீழே கோட்டு ஒன்றை விரியுங்கள். சிக்னல் இல்லையென்றால் விசிலோ விளக்கோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஹெலிகொப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து ஒருவர் நில்லுங்கள், உதவி வேண்டும் என்பது அதன் பொருள். சும்மா கையசைத்துக் காட்டினால் விமானிக்குக் குழப்பம்.

## 10. ஏரியும் திரும்பும் வழியும்

ஏரித் தண்ணீர் மேலேயுள்ள பனியாறுகளிலிருந்து வருகிறது. வேர்த்த உடம்போடு குதிக்காதீர்கள். முதலில் கால், பிறகு கை, நெஞ்சு என்று நனைத்து, கரையோரமாகவே நில்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் குளிப்பது நல்லது.

கரையில் 4 மணிக்குக் கைபேசியில் மணி அடிக்கும்படி வையுங்கள். பலர் மறந்துவிடுவது ஒன்று: ஏரி 1,578, கொண்டோலா நிலையம் 1,682. அதாவது வயிறு நிறையச் சாப்பிட்டு, கால் விறைத்த பிறகு இன்னொரு நூறு மீட்டர் ஏற வேண்டும். கீழ்நோக்கிய நடைதான் மிச்சம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் அழுவது இந்த ஏற்றத்தில்தான். பிஸ்கட் பொட்டலம் ஒன்றை இதற்கென்றே ஒளித்துவையுங்கள்.

கடைசிக் கொண்டோலா போய்விட்டால் நிலையத்திலிருந்து கான்டர்ஸ்டேக்குக்கு நடைதான், ஏறத்தாழ 500 மீட்டர் இறக்கம், ஒரு மணிக்குமேல் ஆகும். அந்த வழி அன்று திறந்திருக்கிறதா என்பதையும் முதல் நாள் இரவே பார்த்து வைத்திருக்க வேண்டும். கீழே வந்ததும் ரயில் நேரத்தைப் பாருங்கள். பேர்ன் பக்கம் நேராகப் போகும் ரயில் மணிக்கு ஒன்று என்பதால் இரண்டு நிமிடத்தில் தவறவிட்டால் ஒரு மணி நேரம் மேடையில் இருக்க வேண்டும். சப்பாத்தை ரயிலில் கழற்றுவதென்றால் மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவரும் மனிதர்தானே.